ரேடியேஷனுக்குத் துணையாக ஒரு சூடு: கேன்சர் சிகிச்சையில் 'ஹைப்பர்தெர்மியா' என்ன செய்யும், என்ன செய்யாது?

உத்தனப்பள்ளி, சூளகிரி, ஓசூர் பக்கம் வேலை பார்க்கிறவங்ககிட்ட 'ஹீட் ட்ரீட்மென்ட்'னு சொன்னா, முதல்ல ஞாபகத்துக்கு வர்றது ஃபர்னஸ்தான். கியரோ, ஷாஃப்ட்டோ, இத்தனை டிகிரி, இத்தனை நிமிஷம்னு கணக்கு இருக்கும். கூடினாலும் குறைஞ்சாலும் பீஸ் ரிஜெக்ட்.

அதே வார்த்தை ஒரு நாள் உங்க ஃபேமிலி வாட்ஸ்அப் குரூப்ல வருது. "கேன்சரை வெறும் வெப்பத்தாலேயே அழிக்கலாம். ரேடியேஷன் வேண்டாம். பக்கவிளைவே இல்லை." கீழே ஒரு போன் நம்பர். அம்மாவுக்கோ பெரியப்பாவுக்கோ அப்போதான் ரேடியேஷன் ஆரம்பிச்சிருக்கு. ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ல வர்றப்போ அதைப் படிக்கிறீங்க. மனசு என்ன சொல்லும்? 'இதையும்தான் பார்த்துடலாமே'ன்னுதான் சொல்லும்.

அந்த ஃபார்வர்டில் பாதி உண்மை இருக்கிறது. அதுதான் சிக்கலே. முழுப் பொய்யாக இருந்தால் சிரித்துவிட்டு டெலீட் பண்ணிடலாம். வெப்பத்தைக் கேன்சர் சிகிச்சையில் பயன்படுத்துவது உண்மையான மருத்துவம். அதற்கு 'ஹைப்பர்தெர்மியா' என்று பெயர். நெதர்லாந்து, ஜெர்மனி, ஜப்பான் போன்ற நாடுகளில் பல வருடங்களாகச் செய்கிறார்கள். இந்தியாவிலும் மும்பை உள்ளிட்ட சில இடங்களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். ஆனால், அது ரேடியேஷனுக்குப் பதிலாக வந்த சிகிச்சை அல்ல. ரேடியேஷனோடு சேர்ந்து வேலை பார்க்கிற சிகிச்சை.

எவ்வளவு சூடு?

நாம் நினைக்கிற அளவுக்குச் சூடு இல்லை. 40-லிருந்து 44 டிகிரி செல்சியஸ் வரைதான். மே மாதத்து வேலூர் வெயில் அந்த ரேஞ்சைத் தொடும். வித்தியாசம் என்னன்னா, வெளியே எவ்வளவு வெயில் அடித்தாலும் வியர்த்து, ரத்த ஓட்டத்தைக் கூட்டி, உள்ளே 37 டிகிரியைக் காப்பாற்றிவிடும் நம்ம உடம்பு. ஹைப்பர்தெர்மியாவில் கட்டி இருக்கும் இடத்தையே குறிவைத்து அந்தச் சூட்டுக்குக் கொண்டுபோய், சுமார் ஒரு மணி நேரம் அப்படியே வைத்திருக்கிறார்கள். அதனால் வெயிலில் நின்றாலோ, சானாவில் உட்கார்ந்தாலோ இது நடக்காது.

கட்டியை 60 டிகிரிக்கு மேல் சூடாக்கிச் சுட்டே அழிக்கும் 'அப்லேஷன்' என்ற முறையும் இருக்கிறது. கல்லீரலில் இருக்கும் சின்னக் கட்டிகளுக்கு அதைச் செய்வார்கள். அது வேறு, இது வேறு. கூகுள் பண்ணும்போது இரண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஃபர்னஸ் பக்கம் நின்றவர்களுக்கு இந்தக் கணக்கு சட்டென்று புரியும். ஹைப்பர்தெர்மியாவில் 43 டிகிரிதான் அளவுகோல். அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரி கூடும்போதும், அதே விளைவுக்குத் தேவையான நேரம் பாதியாகிவிடும். 43-ல் 60 நிமிஷம் எடுத்தால் 44-ல் 30 நிமிஷம் போதும். 43-க்குக் கீழே ஒவ்வொரு டிகிரி குறையும்போதும் நேரம் நான்கு மடங்காகும். அதாவது 42-ல் 240 நிமிஷம். ஒரே ஒரு டிகிரியில் ஒரு மணி நேரம் நான்கு மணி நேரமாகிறது! அதனால்தான் கட்டிக்குள் உண்மையில் எத்தனை டிகிரி ஏறியது என்று அளக்காத ஹைப்பர்தெர்மியாவை நம்ப முடியாது. இந்த விஷயத்தைக் கொஞ்சம் ஞாபகத்தில் வச்சுக்கோங்க, பின்னால் தேவைப்படும்.

சூடு ஏன் ரேடியேஷனுக்கு உதவுது?

கட்டி வேகமாக வளரும்போது அதன் ரத்தக் குழாய்கள் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. புதுசா வந்த லேஅவுட்ல வீடு ஏறிட்டே போகும், தண்ணி பைப் லைன் மட்டும் வராது இல்லையா, அந்த மாதிரி. நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் சரியாகக் கிடைக்காது. ரேடியேஷன் வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். ஆக்சிஜன் இல்லாத செல்லைக் கொல்ல, சாதாரண செல்லைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு வரை கதிர்வீச்சு தேவைப்படும். அவ்வளவு கொடுத்தால் சுற்றியிருக்கும் நல்ல திசு தாங்காது. வெளிப்பக்கம் கரைந்தாலும் நடுவில் ஒரு மிச்சம் உயிரோடு இருந்து, சில மாதங்களில் மறுபடி கட்டி வளர்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

வெப்பத்தின் இயல்பு இதற்கு நேர் எதிர். ஆக்சிஜன் இல்லாத, அமிலத்தன்மை ஏறிப்போன செல்தான் சூட்டுக்கு முதலில் சாகும். மிதமான சூட்டில் ரத்த ஓட்டம் கூடுவதால், கட்டிக்குள் போகும் ஆக்சிஜனும் கொஞ்சம் கூடும். செல் தன் டி.என்.ஏ-வை நகல் எடுக்கும் கட்டத்தில் ரேடியேஷனுக்கு அவ்வளவாக அசையாது; அதே கட்டத்தில் சூட்டுக்கு எளிதில் அடிபடும். ஒன்று விட்ட இடத்தை இன்னொன்று பிடிக்கிறது.

எனக்கு ரொம்பப் பிடிச்சது மூன்றாவது காரணம். ரேடியேஷன் செல்லின் டி.என்.ஏ-வை உடைக்கிறது. செல் சும்மா இருக்காது, உடைந்ததை ஒட்டவைக்கப் பார்க்கும். அந்த ரிப்பேர் வேலைக்குத் தேவையான புரதங்களில் ஒன்று பி.ஆர்.சி.ஏ-2. 41, 42 டிகிரிச் சூட்டில் இந்தப் புரதம் சிதைந்துவிடுகிறது என்று 2011-ல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அதாவது, ரேடியேஷன் உடைத்துவிட்டுப் போக, ரிப்பேர் பண்ண வருகிற மெக்கானிக்கைச் சூடு வழியிலேயே மடக்கிவிடுகிறது. ஆனால், சில மணி நேரத்துக்குத்தான். புரதம் மறுபடி உருவாகிவிடும். அதனால்தான் ரேடியேஷனுக்கும் ஹைப்பர்தெர்மியாவுக்கும் நடுவில் பெரிய இடைவெளி விடக் கூடாது என்கிறார்கள். பெரும்பாலும் ஒரே நாளில், சில மணி நேரத்துக்குள் இரண்டையும் முடித்துவிடுவார்கள். ரேடியேஷன் ஒரு ஊர், ஹீட் இன்னொரு ஊர், நடுவில் அரை நாள் பஸ் பயணம் என்றால் பலனில் பாதி ரோட்டிலேயே போய்விடும்.

தினமும் கொடுக்கலாமே என்றால், அதுவும் முடியாது. ஒரு தடவை சூடு பட்ட செல், தன்னைக் காத்துக்கொள்ளச் சில புரதங்களை உற்பத்தி செய்யும். அடுத்த இரண்டு, மூன்று நாள் அது சூட்டுக்குப் பழகிப்போய் இருக்கும். அதனால் வாரத்துக்கு ஒன்று அல்லது இரண்டு தடவைதான்.

இந்தியாவில் என்ன நடந்தது?

மும்பை நானாவதி மருத்துவமனையில் டாக்டர் நாகராஜ் ஹுயில்கோல் குழுவினர், முற்றிய நிலையில் இருந்த வாய், தொண்டைப் புற்றுநோயாளிகள் 50-க்கும் மேற்பட்டவர்களை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ரேடியேஷன் மட்டும். இன்னொரு குழுவுக்கு ரேடியேஷனோடு ஹைப்பர்தெர்மியா. 2010-ல் வெளிவந்த முடிவு இது: ரேடியேஷன் மட்டும் வாங்கியவர்களில் கட்டி முழுசாக மறைந்தது 42.4 சதவிகிதம் பேருக்கு. சூடும் சேர்த்து வாங்கியவர்களில் 78.6 சதவிகிதம்.

இத்தோடு நிறுத்தினால் நானும் அந்த ஃபார்வர்ட் மாதிரிதான் ஆகிவிடுவேன். அதே ஆய்வில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. நோயாளிகளில் பாதிப் பேர் உயிரோடு இருந்த காலம், முதல் குழுவில் 145 நாள், இரண்டாவது குழுவில் 241 நாள். மூன்று மாதத்துக்கும் மேல் கூடியிருக்கிறது, அது சின்ன விஷயம் இல்லை. ஆனால் 'அழித்துவிடலாம்' என்ற வார்த்தைக்கும் இந்த எண்ணுக்கும் எவ்வளவு தூரம் பாருங்க.

டாக்டர் நிலய் ரஞ்சன் தத்தா என்ற இந்திய மருத்துவர் 1980-களிலிருந்தே இதில் வேலை செய்தவர். 1990-ல் அவருடைய குழு தலை, கழுத்துப் புற்றுநோயில் செய்த ஆய்விலும் சூடு சேர்ந்தவர்களுக்குக் கட்டி அதிகமாகக் கரைந்தது. பிறகு அவர் சுவிட்சர்லாந்தில் இருந்தபோது பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டு 2016-ல் வெளியிட்டார். கட்டி முழுசாக மறைந்தவர்கள், ரேடியேஷன் மட்டும் என்றால் சுமார் 40 சதவிகிதம், சூடும் சேர்ந்தால் சுமார் 62 சதவிகிதம்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பெரிய ஆய்வு நெதர்லாந்தில் நடந்தது. 1990 முதல் 1996 வரை 358 நோயாளிகள். சிறுநீர்ப்பை, மலக்குடல், கர்ப்பப்பை வாய் என்று மூன்று வகையும் அதில் உண்டு. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் இருந்த பெண்களில் மூன்று வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் 27 சதவிகிதம். சூடும் சேர்த்துக் கொடுத்த குழுவில் 51 சதவிகிதம். 12 வருடம் கழித்துப் பார்த்தபோதும் அந்த வித்தியாசம் நீடித்தது: 20-க்கு 37. இதைப் பார்த்து உலகமே ஹைப்பர்தெர்மியா மெஷின் வாங்கியிருக்க வேண்டுமே, ஏன் வாங்கவில்லை?

முதல் காரணம், 1999-ல் இன்னொரு செய்தி வந்தது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியேஷன் நடக்கும்போதே சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்தைச் சேர்த்தால் நல்ல பலன் கிடைக்கிறது என்று பல ஆய்வுகள் ஒரே நேரத்தில் சொல்லின. அந்த மருந்தை எந்த ஆஸ்பத்திரியிலும் டிரிப்பில் ஏற்றலாம். தனி மெஷின் வேண்டாம், அதை இயக்கத் தனி ஆள் வேண்டாம். உலகம் அந்தப் பக்கம் போய்விட்டது. நெதர்லாந்து ஆய்வில் ஒப்பிட்டது கீமோ இல்லாத ரேடியேஷனோடு என்பதையும் மறக்கக் கூடாது. இன்று உங்கள் அம்மாவுக்கு ரேடியேஷனோடு கீமோவும் போகிறது என்றால், அந்த 27-க்கு 51 என்ற எண் அப்படியே அவங்களுக்குப் பொருந்தாது.

இரண்டாவது காரணம் நமக்கு இன்னும் நெருக்கமானது. சர்வதேச அணுசக்தி முகமை இந்தியா, சீனா, தென்கொரியா, உக்ரைன் மருத்துவமனைகளைச் சேர்த்து கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் ஓர் ஆய்வு நடத்தியது. 110 பெண்கள். 2005-ல் முடிவு வந்தது. சூடு சேர்த்ததால் பலன் இல்லை. நோய் குறைவாகப் பரவியிருந்த ஒரு பிரிவினருக்கு உயிர்வாழும் வாய்ப்பு குறைந்தும்கூட இருந்தது. அந்த ஆய்வில் கட்டியைச் சரியாகச் சூடாக்கவே இல்லை என்று நெதர்லாந்து தரப்பு விமர்சித்தது. இருக்கலாம். ஆனால், ஒரு நோயாளி வீட்டுக்காரராக இதில் நாம் படிக்க வேண்டியது, 'ஹைப்பர்தெர்மியா கொடுத்தோம்' என்பதும் 'கட்டி சூடானது' என்பதும் ஒன்றல்ல என்பதைத்தான். மேலே சொன்ன அந்த ஒரு டிகிரிக் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது.

சென்னையில் ஒரு முயற்சி

தோலைச் சுடாமல் உள்ளே இருக்கும் கட்டியை மட்டும் சூடாக்குவது டாக்டர் பிரச்னை மட்டுமில்லை, இன்ஜினீயர் பிரச்னையும்தான். சென்னை ஐ.ஐ.டி-யின் இன்ஜினீயரிங் டிசைன் துறையில் பேராசிரியர் கவிதா அருணாச்சலம் குழு இதில்தான் வேலை செய்கிறது. நம்ம வீட்டு மைக்ரோவேவ் அவன் இயங்குவது 2,450 மெகாஹெர்ட்ஸில். அந்த அலை உடம்புக்குள் அதிக ஆழம் போகாது. 434 மெகாஹெர்ட்ஸ் அதைவிட ஆழமாகப் போகும். அந்த அலையை அனுப்பும் சின்னச் சின்ன ஆன்டெனாக்களை மார்பகத்தைச் சுற்றி அடுக்கி, எல்லா அலைகளும் கட்டி இருக்கும் இடத்தில் ஒன்றுகூடும்படி டியூன் செய்வதுதான் யோசனை. திசுவைப் போன்ற மின் பண்புள்ள மாதிரிகளில் சோதித்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறார்கள். எலெக்ட்ரானிக்ஸ் படிச்சிட்டு பிளான்ட்ல வேலை பார்க்கிறவங்க யாராவது இதைப் படிச்சிட்டு இருந்தா, உங்க சப்ஜெக்ட் இங்கேயும் இருக்குன்னு தெரிஞ்சுக்கோங்க.

உள்ளே போனால் எப்படி இருக்கும்?

படுக்கவைப்பார்கள். சூடு கொடுக்கும் கருவிக்கும் தோலுக்கும் நடுவில் தண்ணீர் ஓடும் ஒரு பை இருக்கும். அது தோலைக் குளிர்ச்சியாக வைத்துக்கொள்ளும். வெப்பத்தை அளக்க மெல்லிய வயர் மாதிரி சென்சார்களை வைப்பார்கள். சில நேரம் தோல்மேல், சில நேரம் வாய், மலக்குடல், பிறப்புறுப்பு போன்ற வழிகளில் உள்ளே. ஊசி போலக் கட்டிக்குள்ளேயே வைப்பதும் உண்டு. ஒரு மணி நேரம் அசையாமல் படுத்திருக்க வேண்டும். வியர்க்கும், களைப்பாக இருக்கும். சில இடங்களில் சுரீர் என்று எரியும்.

அந்த எரிச்சலை உடனே சொல்லணும். நம்ம அம்மாக்கள் சொல்ல மாட்டாங்க. "ஒண்ணுமில்லப்பா, பொறுத்துக்கலாம்"னு பல்லைக் கடிச்சிட்டுப் படுத்திருப்பாங்க. உள்ளே போவதற்கு முன்னாடியே நீங்க சொல்லி அனுப்புங்க: "எங்கயாச்சும் சுட்டா உடனே சொல்லிடும்மா. சொன்னாதான் அவங்க அந்த இடத்துல சூட்டைக் குறைப்பாங்க." சூடு ஓரிடத்தில் தேங்கினால் கொப்புளமோ, தோலுக்கடியில் கொழுப்பு வெந்து கட்டியானதோ வரலாம். 'பக்கவிளைவே இல்லை' என்பது உண்மையில்லை. பேஸ்மேக்கர் வைத்தவர்கள், சூடு படும் இடத்தில் இரும்புத் தகடோ கம்பியோ இருப்பவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்கு இதைக் கொடுப்பதில்லை. ஆக்ஸிடென்ட்டில் இடுப்பில் பிளேட் வைத்தது பத்து வருஷம் முன்னாடி என்றாலும் டாக்டரிடம் சொல்லணும்.

வீட்டில் வேண்டாம்

ரேடியேஷன் வாங்கிய இடத்தில் வெந்நீர் ஒத்தடம், ஹீட்டிங் பேட், சூடான எண்ணெய் எதுவும் கூடாது. அந்தத் தோல் ஏற்கெனவே வெந்த மாதிரி இருக்கும். அதன்மேல் சூடு பட்டால் புண்ணாகும். புண்ணானால் ரேடியேஷனையே சில நாள் நிறுத்தவேண்டி வரலாம். அதே மாதிரி, 'காய்ச்சல் வந்தா கேன்சர் செல் சாகும்' என்று ஒரு பேச்சு உண்டு. இதற்குப் பழைய கதை இருக்கிறது. கடும் காய்ச்சலோடு தோல் தொற்று வந்த நோயாளிக்குக் கட்டி கரைந்ததை 1866-ல் ஜெர்மனியில் புஷ் என்ற மருத்துவர் எழுதிவைத்தார். 1890-களில் அமெரிக்காவில் வில்லியம் கோலி வேண்டுமென்றே கிருமியை ஏற்றிப் பார்த்தார். இன்றைக்கு அதற்கு அர்த்தமே வேறு. கீமோவோ ரேடியேஷனோ நடக்கும்போது காய்ச்சல் வந்தால் அது தொற்று. ராத்திரி ரெண்டு மணியா இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க.

அப்போ என்ன செய்யணும்?

நம்ம பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் பெங்களூரு ஓசூர் ரோட்டிலேயே இருக்கும் கித்வாய்க்கோ, வேலூர் சி.எம்.சி-க்கோ, சென்னை அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட்டுக்கோ போகிறார்கள். எங்கே போனாலும் ரேடியேஷன் டாக்டர் ஒருவர் இருப்பார். கேள்வியை அவரிடம் கேளுங்க. ஃபார்வர்டில் இருக்கும் நம்பருக்கு முதலில் போன் போடாதீங்க. "மேடம், எங்கம்மாவுக்கு இந்த ஸ்டேஜ்ல ரேடியேஷனோட ஹைப்பர்தெர்மியா சேர்த்தா பிரயோஜனம் இருக்குமா?" என்று நேராகவே கேட்கலாம், தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஏற்கெனவே ரேடியேஷன் வாங்கின மார்பில் கட்டி திரும்ப வந்திருக்கு, முழு அளவு மறுபடி கொடுக்க முடியாது என்கிற நிலைமையில், அல்லது கிட்னி பிரச்னையால் சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாத நிலைமையில், இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம்.

டாக்டர் ஒரு மையத்துக்கு அனுப்பினால், அல்லது யாராவது சொல்லி நீங்களே போனால், அங்கே மூன்று விஷயம் தெரிஞ்சாகணும். கட்டியின் வெப்பத்தை எப்படி அளக்கிறீங்க, அந்த ரிப்போர்ட்டைக் கையில் கொடுப்பீங்களா? ரேடியேஷன் முடிஞ்சு எத்தனை மணி நேரத்துக்குள்ள கொடுப்பீங்க? எங்க ரேடியேஷன் டாக்டர்கிட்ட நீங்க பேசுவீங்களா? அளக்கும் ரிப்போர்ட் இல்லை என்றாலோ, 'ரேடியேஷனை நிறுத்திட்டு வாங்க' என்றாலோ, செருப்பை மாட்டிட்டு வெளியே வந்துடுங்க.

ஏன் இவ்வளவு கறாராகச் சொல்றேன்னா, நாள் கணக்கு அப்படி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் வெளி ரேடியேஷன், உள் ரேடியேஷன் எல்லாம் சேர்த்து எட்டு வாரத்துக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் இழுக்கும் ஒவ்வொரு நாளும் நோயைக் கட்டுப்படுத்தும் வாய்ப்பில் அரை முதல் ஒரு சதவிகிதம் வரை குறைகிறது. வேறு சிகிச்சையை நம்பி மூன்று வாரம் போய்வந்தால் எவ்வளவு குறையும் என்று நீங்களே பெருக்கிப் பாருங்க. தலை, கழுத்துப் புற்றுநோயிலும் நடுவில் விடும் இடைவெளி இதே மாதிரி பாதிக்கும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. கம்பெனியில் இ.எஸ்.ஐ பிடிக்கிறார்கள் என்றால், உங்களை நம்பி இருக்கும் அப்பா, அம்மாவுக்கும் அதில் சிகிச்சை உண்டு. அவங்க பேரைச் சேர்த்திருக்கீங்களான்னு ஹெச்.ஆர்-ல இன்னைக்கே கேளுங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் ரேடியேஷன் வருகிறது. ஹைப்பர்தெர்மியாவுக்குக் கையிலிருந்து கட்டச் சொன்னால், ஒரு தடவைக்கு எவ்வளவு, மொத்தம் எத்தனை தடவை என்பதை எழுத்தில் வாங்கிக்கோங்க. அந்தத் தாளை ரேடியேஷன் டாக்டர்கிட்ட காட்டிட்டு, அதுக்கப்புறம் நகையை எடுத்துட்டு பேங்குக்குப் போறதா வேண்டாமான்னு முடிவு பண்ணுங்க.